லாக்லனின் கில்ட்

ஹாம்பர்க், 9 மார்ச் 1974

அன்புள்ள அம்மா,

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். எங்கள் ராக் குழுவும் நலம்.

ஒரு சின்னச் செய்தி. கத்திக் கத்திப் பாடியதில் தம்பி லாக்லனுக்குத் தொண்டை போய்விட்டது. "ஊமைக்கு எதுக்குடா மைக்கு?" என்றார் மானேஜர். எல்லோரும் சிரித்தோம், டிரம்ஸ் அடிக்கும் நானும்தான். நேற்று அவனைக் கப்பல் ஏற்றிவிட்டோம்.

நம் குலத்துக் கட்டம் போட்ட அவனுடைய கில்ட்டை, மேடையில் அவன் கட்டும் அந்த ஆண்கள் பாவாடையை மட்டும் நானே கழற்றி வாங்கிக்கொண்டேன். புதுப் பாடகனுக்கு வேண்டும். அவன் லண்டன்காரன். "உங்க வீட்டுப் பாவாடை எனக்குத்தான்டா எடுப்பா இருக்கு" என்கிறான். இடுப்பு பெருத்தவன், அப்பாவின் நீள பெல்ட்டை அனுப்புங்கள். எனக்கு நீங்கள் பின்னிய காலுறை ஒரு ஜோடி.

வேன் ஹாரன் அடிக்கிறது. லாக்லன் வந்தால் எதுவும் கேட்காதீர்கள், அவனுக்குப் பேச்சு வராது. காகிதமும் பென்சிலும் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் மூத்தவன்,
டூகல்