பொழுது சாயுமுன் ஊதிய சங்கு

அனுப்புநர்
சபூரா பீவி, க/பெ. செய்யது யாகூப்,
கிணற்றடித் தெரு, வேம்புலி நகர்,
மேனாம்பேடு வழி, அம்பத்தூர்.

பெறுநர்
செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்,
வேம்புலி நகர்.

பொருள்: தண்ணீர்த் தொட்டி மோட்டார் இயக்குபவர் திரு. நாகேந்திரன் என்பவர் சிகரெட் பந்தயத்துக்காக நோன்பு திறக்கும் சங்கை முன்கூட்டியே ஊதி ஒரு தெருவையே ஏமாற்றியது – அன்னாரை இடமாற்றம் செய்யாமல் தண்டிக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 6.5.1988 அன்று தங்கள் அலுவலகத்தில் நான் நேரில் அளித்த வாய்மொழிப் புகார் (யாரும் காதில் வாங்கவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவை முதலில் தாலுகா அலுவலக வாசலில் உட்கார்ந்து மனு எழுதித் தரும் பெரியவரிடம்தான் எழுதச் சொன்னேன். அவர் தங்கள் பாதத்தை நான் நான்கு இடங்களில் தொட்டதாகவும், ஏழை அபலை என்று மூன்று இடங்களில் அழுததாகவும் எழுதியிருந்தார். நான் அபலை அல்ல. ஆகவே அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, எட்டாம் வகுப்பு வரை படித்த தமிழில் நானே எழுதுகிறேன். நோன்பு வைத்திருக்கும்போது கோபப்படக் கூடாது என்பது எங்கள் மார்க்கம். அதனால் தினமும் நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, கைகழுவிய பிறகே இதை எழுத உட்காருகிறேன் என்பதையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

1. எங்கள் கிணற்றடித் தெருவில் முஸ்லிம் குடும்பங்கள் அதிகம். ஆண்களில் பலர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை வேலை. மற்றவர்கள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத், வெல்டிங். பள்ளிவாசல் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சிறிய பள்ளி, ஒலிபெருக்கி கிடையாது. மோதினார் பாங்கு சொல்லும் நேரம் பார்த்து ஒரு ரயில் போனால் எங்கள் காதில் ரயில்தான் விழும். ஆகையால் நோன்பு மாதத்தில் பொழுது சாய்ந்ததும் பள்ளிவாசல் மேல் ஒரு பச்சை விளக்கு போடுவார்கள். எங்கள் தெருவிலிருந்து அது தெரியாது; தண்ணீர்த் தொட்டியடியில் இருந்து பார்த்தால் தெரியும். தொட்டியில் மோட்டார் இயக்குபவர் அதைப் பார்த்துவிட்டு, சங்கு என்று நாங்கள் சொல்லும் பேரூராட்சி சைரனை ஒரு முறை ஊதுவார். அதைக் கேட்டு நாங்கள் பேரீச்சம்பழத்தை வாயில் வைப்போம்.

2. இப்படி ஊதும் வழக்கத்தைத் தொடங்கியவர் முன்பு அந்த வேலையில் இருந்த துலுக்கானம் அண்ணன். பெயரைப் பார்த்துவிட்டு எங்கள் ஆள் என்று எண்ண வேண்டாம். அம்மன் பேரில் வைத்த பெயர் அது. ஆடி மாதம் தெருவுக்கே கூழ் ஊற்றுகிறவர். யாரும் உத்தரவு போடாமல், யாரிடமும் ஒரு டீ கூட எதிர்பார்க்காமல் ஊதினார். ஒரு நாள்கூடப் பிசகியதில்லை. அவர் ஓய்வுபெற்ற பிறகு அந்த இடத்துக்கு வந்தவர்தான் மேற்படி நாகேந்திரன்.

3. சம்பவ நாள் 5.5.1988, வியாழக்கிழமை. கத்திரி வெயில் தொடங்கிய மறுநாள். என் மகள் ரமீஜா, ஐந்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருப்பவள், தன் வாழ்க்கையின் முதல் முழு நோன்பை அன்றுதான் வைத்தாள். விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டுக்கு நான் எழுப்புவதற்கு முன்பே எழுந்து தலைசீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எச்சில் விழுங்கினால் நோன்பு முறியாது என்று நான் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியும் கேட்கவில்லை. வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்து நடந்து துப்பினாள். நண்பகலுக்குமேல் துப்பவும் வாயில் ஈரமில்லை. குச்சி ஐஸ் வண்டி மணி அடித்தபோது காதைப் பொத்திக்கொண்டு பீரோவுக்குப் பின்னால் போய் நின்றாள். பக்கத்து வீட்டுச் சுசீலா அக்கா பயந்துபோய், "பச்சப் புள்ள, ஒரு வாய் தண்ணி குடுத்துடேன், யாருக்குத் தெரியப் போவுது" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னதற்கு, உள்ளேயிருந்து இவளே "எனக்குத் தெரியும்க்கா" என்று குரல் கொடுத்தாள். ஐயா, நான் பெற்றவள் என்பதற்காகச் சொல்லவில்லை. அன்று அவளைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

4. மாலையில் தெருவே எங்கள் வீட்டு வாசலில் கூடிவிட்டது. முதல் நோன்புக்காரிக்கு மாலை போட்டு, புதுப் பாவாடை கட்டி நடுவில் உட்கார வைத்திருந்தோம். தூக்கில் கஞ்சி, தட்டில் வடை, ஒரு சொம்பு நன்னாரி சர்பத். சங்கு ஊதியது. ரமீஜா பழத்தை வாயில் போட்டுக்கொண்டு சர்பத்தை ஒரே மூச்சில் குடித்தாள். நாங்கள் எல்லோரும் குடித்தோம். குடித்து முடித்துத் தலையை நிமிர்த்தினால், எதிர் வீட்டு மாடிச் சுவரில் மஞ்சள் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருக்கிறது! ஐயோ என்று ஒருத்தி வாயில் இருந்ததைத் துப்பினாள். மோதினார் தண்டவாளத்தைத் தாண்டி, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, "தொறக்காதீங்க, தொறக்காதீங்க, நான் வெளக்கு போடல" என்று கத்தியபடி ஓடி வந்தார். அவர் வந்து சேரும்போது வடையும் பாதி தீர்ந்திருந்தது.

தொட்டியடி டீக்கடையில் இருந்து அப்போது சிரிப்புச் சத்தம் வந்தது. நாலைந்து ஆண்கள் தொடையைத் தட்டிச் சிரிக்கும் சிரிப்பு. என் மகள் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப இன்னிக்கி நான் வச்சது நோன்பு இல்லியாம்மா?" நான் சொம்பை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன்.

5. திரு. நாகேந்திரன் தம் கைக்கடிகாரம் வேகமாக ஓடிவிட்டதாகவும், நடந்தது தற்செயல் என்றும் தங்கள் அலுவலகத்தில் சொல்லியிருப்பதாக அறிகிறேன். அவர் பார்க்க வேண்டியது கடிகாரத்தை அல்ல, பச்சை விளக்கை. அதுவும் போக, தொட்டியடியில் வெள்ளரிக்காய் விற்கும் முனியம்மா அன்று அவருக்குப் பின்னால் கூடையோடு உட்கார்ந்திருந்தார். நாகேந்திரன் பேசியதை முனியம்மா காதால் கேட்டபடி அப்படியே எழுதுகிறேன். சொற்களுக்கு நான் பொறுப்பல்ல. "இன்னா மாமே பெட்டு? ஒரு பாக்கெட்டு சிகரெட்டு. நான் இப்ப சங்க அமுக்குனேன்னு வையி, அந்தத் தெருவுல கீற அத்தினி பாயும் ஒரே நேரத்துல வாயத் தொறப்பான் பாரு." இதைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்து போய் விசையை அழுத்தியிருக்கிறார். முனியம்மா என்னிடம், "வாட்ச்சும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல பாயம்மா. பந்தயம் கட்டிகினு போனான். நீ எங்க வேணாலும் இட்டுகினு போ, நான் வந்து சொல்றேன்" என்றார். அவருக்கு எங்களிடம் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. அவரிடம் வெள்ளரிக்காய் வாங்குகிறவரும் நாகேந்திரன்தான்.

6. மறுநாள் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். தாங்கள் இல்லை. எழுத்தர் ஒருவர் மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்தபடி, "கொஞ்சம் முன்னாடி துன்னுட்டீங்க, அவ்ளோதானே? வயிறு இன்னா கெட்டா பூடும்?" என்றார். பிறகு பெரிய மனதோடு இன்னொன்றும் சொன்னார்: நோன்புக்குச் சங்கு ஊத வேண்டும் என்று விதி எதுவும் இல்லை, எனவே நாகேந்திரன் எந்த விதியையும் மீறவில்லை. சரி ஐயா, அப்படியே வைத்துக்கொள்வோம். விதியில்லாத நேரத்தில், சிகரெட்டுக்காகப் பேரூராட்சியின் சங்கைப் பேரூராட்சியின் மின்சாரத்தில் ஊதியது எந்தக் கணக்கில் சேரும் என்பதையும் அந்த எழுத்தரிடமே கேட்டு எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

7. பெரியவர்களுக்கு இது ஒரு நாள் விஷயம். பள்ளிவாசல் ஹஸ்ரத், தெரியாமல் திறந்ததில் பாவம் இல்லை, பெருநாள் கழித்து அந்த ஒரு நோன்பைத் திரும்ப வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். நாங்கள் வைத்துவிடுவோம். ஆனால் ரமீஜாவுக்கு அது ஒரு நாளோடு முடியவில்லை. மறுநாளும் நோன்பு வைத்தாள். மாலையில் பாங்கு என் காதிலேயே தெளிவாக விழுந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. "அவுங்க மறுபடி வெளாடுறாங்க" என்றாள். மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நன்றாக இருட்டி, தெருவிளக்குகள் எரிந்து, மற்றவர்கள் தொழுது முடித்து வந்த பிறகுதான் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். மூன்றாம் நாள் மாடிப்படியிலேயே மயங்கி விழுந்து புருவத்தில் தையல் போட்டிருக்கிறது. நோன்பை விட்டுவிடு என்று கெஞ்சினால், "வுட்டா அவன் ஜெயிச்சிட்டான்னு ஆயிடும்" என்கிறாள். இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யோசிப்பவர்போல என் கணவர் என்னைப் பார்க்கிறார். இது போதாதென்று, அவள் கடைக்குப் போனால் டீக்கடை ஆட்கள் வாயைக் குவித்து "ஊஊ" என்று சங்கு ஊதிக் காட்டுகிறார்கள். முதலில் ஊதிக் காட்டியது நாகேந்திரன். பத்து வயதுப் பெண் ஐயா. இந்த ஊரில் எந்த ஓசையையும் நம்ப மாட்டேன் என்று இருட்டில் நின்றுகொண்டிருக்கிறாள்.

8. என்மீது எதிர்ப்புகார் ஒன்று வரக்கூடும் என்பதால் அதையும் நானே தெரிவித்துவிடுகிறேன். நான் வீட்டில் தையல் தைப்பவள். நாகேந்திரனின் மனைவி நாகவல்லி தம் தம்பி கல்யாணத்துக்கு இரண்டு ஜாக்கெட் துணிகளை என்னிடம் கொடுத்திருந்தார். சம்பவத்துக்குப் பிறகு நான் அவற்றைத் தைக்கவுமில்லை, திருப்பித் தரவுமில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் நாகவல்லி வந்து நின்று, "அவுரு பண்ணதுக்கு என் ஜாக்கெட்டு இன்னாக்கா பண்ணிச்சு?" என்று அழுதார். நியாயமான கேள்வி. உடனே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தேன். முகூர்த்தத்தில் அவரால் கையைத் தூக்கி அட்சதை போட முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். கைப்பகுதி இறுக்கமாக அமைந்தது தற்செயல்.

9. என் கணவர் சாது. "வுடு சபூரா, அல்லா பாத்துப்பான்" என்கிறார். அல்லாஹ் பார்ப்பான் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் நாகேந்திரனுக்குச் சம்பளம் கொடுப்பது பேரூராட்சி. எனவே தாங்களும் பார்க்க வேண்டும். என் பெயருக்குப் பொறுமைசாலி என்று பொருள். பெயர் வைத்தபோது நான் கைக்குழந்தை. அவர்களுக்கு என்ன தெரியும்.

ஆகவே ஐயா, கீழ்க்கண்டவற்றைக் கோருகிறேன்.

முதலாவதாக, திரு. நாகேந்திரனை வேப்பம்பட்டுக்கோ வேறெங்கோ மாற்றிவிட்டு, நடவடிக்கை எடுத்தாயிற்று என்று எனக்குக் கடிதம் அனுப்ப வேண்டாம். அவர் இங்கேயே இருக்க வேண்டும். என் கண்ணெதிரே இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, அவர் சிரித்த அதே டீக்கடையில், அவரோடு சிரித்த அதே ஆட்கள் முன்னால், என் மகளிடம் வாய்திறந்து சொல்ல வேண்டும்: வெளக்கு எரியல, வாட்ச் மேலயும் தப்பு இல்ல, நான் வேணும்னேதான் ஊதினேன், நீ வச்சது நோன்புதான் என்று. மன்னிப்பு கேட்பதும் கேட்காததும் அவர் விருப்பம். மன்னிப்பது எங்கள் விருப்பம். நான் இப்போதைக்கு அந்த எண்ணத்தில் இல்லை.

மூன்றாவதாக, பெருநாள் கழித்து எங்கள் தெரு அந்த ஒரு நோன்பைத் திரும்ப வைக்கும் நாளில் நாகேந்திரனும் எங்களோடு பட்டினி இருக்க வேண்டும். விடியலுக்கு முன்பு தொடங்கி, சோறு, தண்ணீர், பீடி, சிகரெட் எதுவும் இல்லாமல், அதே தொட்டியடியில், அதே வெயிலில். எச்சில் விழுங்கிக்கொள்ளலாம், அந்த அளவுக்கு நான் இரக்கமில்லாதவள் அல்ல. இப்படி ஒரு தண்டனை சட்டத்தில் இல்லையே என்று தங்கள் எழுத்தர் சொல்வார். சங்கு ஊதவும்தான் சட்டத்தில் இல்லை என்றார். ஊதினார்கள் அல்லவா?

அன்று மாலை ஐஸ் போட்ட நன்னாரி சர்பத் ஒரு சொம்பு நானே என் கையால் கலந்து கொண்டுவந்து அவர் முன்னால் வைப்பேன். அவர் பச்சை விளக்கைப் பார்க்கக் கூடாது. பள்ளிவாசலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். சங்கும் ஊத வேண்டாம். பொழுது சாய்ந்துவிட்டது, குடிக்கலாம் என்று நான்தான் சொல்வேன். நான் சொன்ன பிறகே அவர் சொம்பைத் தொட வேண்டும். கட்டாயம் சொல்வேன் என்று உறுதியளிக்கிறேன். சரியான நேரத்தில் சொல்வேன் என்று மட்டும் என்னால் எழுதிக் கொடுக்க இயலாது.

இடம்: வேம்புலி நகர்
நாள்: 11.5.1988

தங்கள் பதில் வரும்வரை தினமும் அலுவலக வாசலில் நிற்கப்போகும்,

(ஒப்பம்)
செ. சபூரா பீவி

நகல்: திருமதி நாகவல்லி, க/பெ. நாகேந்திரன் – தகவலுக்காகவும், வீட்டளவில் தக்க நடவடிக்கைக்காகவும்.