தரவு மட்டும்

மார்ச் 16, திங்கள்

அக்காவுக்குக் காய்ச்சல். அத்தானை டயாலிசிஸுக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஏழு மணிக்கு நாற்காலி, பதினொன்றுக்கு விடுதலை. வாசல் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர்தான் அங்கே முதலாளி. அது பெயரைக் காட்டினால்தான் நர்ஸ் ஊசியைத் தொடுகிறார், அது மணியடித்தால் கழற்றிவிடுகிறார். அதை இயக்கியபோது நாங்கள் கூடி உருவாக்கும் இயங்குதளத்தின் சின்னம் வந்தது. பெருமை தாங்கவில்லை.

"இதுல கடிகாரத்தைப் பாத்துக்கறது நான்தான் அத்தான்."

"அப்படின்னா பதினொண்ணைக் கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லேன்," என்றார்.

மார்ச் 17

அரசாங்கம் இன்று திருவாய் மலர்ந்திருக்கிறது. இந்த நாட்டில் வருடாவருடம் கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள்; இந்த வருடம் தள்ளப்போவதில்லையாம். தள்ளவேண்டிய நாள் 29, ஞாயிறு. பன்னிரண்டு நாள் இருக்கும்போது சொல்கிறார்கள்! அமைச்சர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார்.

வெளியாகி அந்த மையம் உட்பட எல்லா இடத்திலும் ஓடிக்கொண்டிருப்பது எங்கள் நிலைப் பதிப்பு; அதில் இருக்கும் நேரத் தரவுக்கு இது தெரியாது. பழைய கணக்குப்படி அதுவே தள்ளிவிடும். திங்கள் காலை மணி பத்தாகும்போதே அங்கே பதினொன்று அடிக்கும். அத்தானின் நாலு மணி நேரம் மூன்றாகிவிடும். மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. அனுமதி கேட்டு எழுதிவிட்டேன்.

மார்ச் 19

பூட்டு பதில் போட்டுவிட்டார். நிலைப் பதிப்பின் பொறுப்பாளர். எதைக் கேட்டாலும் முடியாது என்பதால் நாங்கள் வைத்த பெயர். 'வெளியான பதிப்பில் பாதுகாப்புக் கோளாறு தவிர எதற்காகவும் கைவைப்பதில்லை. அடுத்த பதிப்பில் பார்க்கலாம்.'

அடுத்த பதிப்பு எப்போது? பதினான்கு மாதம் கழித்து!

நிரலைத் தொடாதே என்றால் புரிகிறது. இது தரவு. ஊர் உலகம் மாறினால் தரவும் மாறத்தானே வேண்டும்? போன வருடத்துக் காலண்டரை மாட்டிவைத்துக்கொண்டு, பார், எவ்வளவு நிலையாக இருக்கிறது என்று பீற்றிக்கொள்வதா? பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 20

மறுபடி எழுதினேன். பதில் இல்லை.

மார்ச் 23

கூட்டம். இணையத்தில்தான்; பூட்டு வழக்கம்போல் முகத்தைக் காட்டவில்லை, குரல் மட்டும். "ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் வந்து நிப்பாங்க. முன்னாடி ஒருத்தர் சின்ன மாற்றம்தான்னு கொண்டுவந்தாரு. மறுநாள் நாலாயிரம் மெஷின் எழுந்திருக்கவே இல்லை."

நான் கத்திவிட்டேன். "எங்க அத்தான் ரத்தத்தை உங்க விதியா வந்து சுத்தம் பண்ணும்?"

அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். பேசினேன்.

மார்ச் 26

அனுமதி வந்துவிட்டது. ஆனால் நிபந்தனை: 'தரவு மட்டும். அந்த ஒரு வரி மட்டும்.'

ஒன்பது நாள் இழுத்தடித்துவிட்டு, பிச்சை போடுகிற மாதிரி ஒரு வரி! நான் பார்த்துக்கொள்ளும் தரவுப் பொதியில் எதைத் தொடலாம் என்று எனக்கே பாடமா? நேர மண்டலங்களின் பழைய பெயர்கள் பதினொன்று பட்டியலில் வெகுநாளாகத் தொங்கிக்கொண்டிருந்தன. புதிய பெயர்கள் வந்தே பத்து வருடம் ஆகிறது. அந்தக் குப்பையையும் சேர்த்துத் தூக்கிவிட்டேன். அதுவும் தரவுதானே. சோதனையில் எல்லாம் பச்சை, ஒரு பிழையும் இல்லை. போகட்டும்.

மார்ச் 28

எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஜெயித்தேன்.

மார்ச் 30, திங்கள்

ஏழரைக்கு அக்கா போன் செய்தாள். "அவரு மேசைக்கு முன்னாடியே நிக்கறாரு, கம்ப்யூட்டர்ல 'வரவில்லை'ன்னு போட்டிருக்கு. மணி பத்தரைன்னு காட்டுது. என்னடி இது?"

உடனே தோண்டிப் பார்த்தேன். அந்த மையத்து மென்பொருளில் பழைய பெயர்தான் இருந்திருக்கிறது. நான் தூக்கியெறிந்த பெயர். அதைத் தேடிக் கிடைக்காமல் உலகப் பொது நேரத்துக்குத் தாவிவிட்டது — எங்கள் ஊர் நேரத்தைவிட மூன்று மணி நேரம் முன்னே. நான் சும்மா இருந்திருந்தால் ஒரு மணி நேரம்தான் போயிருக்கும்.

கடிகாரத்தைத் தள்ளினார்களா இல்லையா என்ற குழப்பத்தில், மணி தப்பானாலும் பட்டியல் சரியாகத்தான் இருக்கும் என்று ஊழியர்களும் மெஷினையே நம்பியிருக்கிறார்கள். அது காத்திருப்போருக்குத் தானாகவே செய்தி அனுப்பி, பக்கத்தில் குடியிருப்பவர் ஒருவர் சீக்கிரமே வந்து அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து, ஊசியும் ஏற்றியாகிவிட்டது. வெள்ளிக்கிழமையிலிருந்து உடம்பில் சேர்ந்த தண்ணீர். மதியம் மூச்சு வாங்கத் தொடங்கி, ஆக்சிஜன் வைத்து, நாலு மணிக்குத்தான் அத்தானுக்கு இடம் கிடைத்தது. வார்டில் படுத்திருக்கிறார்.

நான்தான் செய்தேன் என்று பூட்டுக்கு எழுதினேன். என் வார்த்தையை நம்பி, வரிவரியாகப் பார்க்காமல் ஒப்புதல் கொடுத்தவர். இரண்டு மணி நேரத்தில் பதினொரு பெயர்களையும் திரும்ப வைத்துவிட்டார். 'அத்தான் எப்படி இருக்கிறார்?' அவ்வளவுதான் கேட்டார். திட்டித் தொலைத்திருக்கலாமே மனுஷன்!

மார்ச் 31

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தெரியாமல் செய்துவிட்டாய், விடு என்பாள் என்று நினைத்தேன்.

"உன்னை யாரு அதைத் தொடச் சொன்னா?"

போனை வைத்துவிட்டாள்.

யாரும் சொல்லலை. தொடாதேன்னுதான் சொன்னாங்க. வீம்பு. வேற என்ன பேரு இதுக்கு?

ஏப்ரல் 6

அத்தான் வீடு வந்துவிட்டார். அக்கா இன்னும் பேசவில்லை.

தரவுப் பொதிகளுக்குத் தனி விதி எழுதி அனுப்பினேன். உலகில் ஒன்று மாறினால் நிலைப் பதிப்பிலும் மூன்று நாளுக்குள் மாற வேண்டும், யாரையும் கெஞ்சவிடக் கூடாது. அந்த மாற்றத்தோடு வேறெதுவும் ஒட்டிக்கொண்டு வரக் கூடாது. இருக்கிற பெயர் எதையும் நீக்கக் கூடாது. ஒவ்வொரு வரியையும் இன்னொருவர் பார்த்தே ஆக வேண்டும். பூட்டு ஒரு சொல்கூட மாற்றாமல் ஏற்றுக்கொண்டார். அந்த இன்னொருவராக என்னையே போட்டுவிட்டார்.

செப்டம்பர் 9, புதன்

வேறொரு நாடு கடிகாரத்தை மாற்றுகிறது. நேரத் தரவை இப்போது பார்த்துக்கொள்கிற புதியவர் காலையிலேயே மாற்றத்தை அனுப்பிவிட்டார். ஒரு வரி சேர்ப்பு, சரி. கூடவே, பழைய பெயர் ஒன்று நீக்கம். எந்தப் பெயர் என்று பார்த்தேன்: அத்தான் போகும் மையத்தில் இருக்கும் அதே பெயர். திருப்பி அனுப்பினேன்.

உடனே எகிறிக்கொண்டு வந்தார். 'இன்னிக்கு தேதியில அந்தப் பேரை யாருங்க வெச்சிருக்கா? சும்மா விதி விதின்னு உயிரை எடுக்கறீங்க.'

எனக்கு வந்த கோபத்தில் ஒரு பக்கத்துக்குப் பதில் அடித்தேன். படித்துப் பார்த்துவிட்டு முழுவதையும் அழித்தேன். 'என் அத்தான்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.