கோரை அறுக்க வந்தவர்கள்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, காதை மூடாமல் வெளியே போகாதே.

போன வாரம் நம் தியான இல்லத்தில் ஒரே அமர்க்களம். வருஷா வருஷம் பெரிய கூட்டத்தோடு வருகிற போதகர் இந்தத் தடவை மௌனத் தியானம் என்று சொல்லிவிட்டார். யாரும் வாய் திறக்கக் கூடாது, கரண்டிச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. அப்பா தும்மலை அடக்கி அடக்கி மூக்கு சிவந்துபோனார். அந்த நேரம் பார்த்து ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள் பாய்க்குக் கோரை அறுக்க வந்து இறங்கிவிட்டார்கள். உனக்குத்தான் தெரியுமே, அவர்களில் ஒருத்தி பேசினாலே ஊர் பேசின மாதிரி. போதகர் தன் மௌனத்தைத் தானே உடைத்து, என்னம்மா இது, சந்தைக்கடை மாதிரி இருக்கு என்றார். நான் அவசரமாக இறங்கிப் போய், நாலு நாள் கழித்து வர முடியுமா என்று அவர்களிடம் கேட்டேன். சண்டைக்கு வருவார்கள் என்றுதான் நினைத்தேன். மூத்தவள், அதுக்கென்னக்கா, உங்க இடம், நீங்க சொன்னா சரிதான் என்று அரிவாளைத் துடைத்துக்கொண்டு கரையேறினாள். மற்றவர்களும் பேசாமல் பின்னால் போனார்கள். கோரை முற்றினால் ஒடியும், பாய்க்கு ஆகாது, அதைக்கூட ஒருத்தியும் சொல்லவில்லை. உங்க இடம் என்றாளே, அதுதான் எனக்குச் சுருக்கென்றது. நாம் வருவதற்கு முன்னால் அவர்கள் வீடுகள் இருந்த மண் இது. யாரோ விற்க யாரோ வாங்க, அவர்கள் ஓடையைத் தாண்டிப் போனார்கள். நம் ஜெப அறைச் சுவரில் இருப்பது அவர்கள் வீட்டுக் கல். கோரை எப்போதும் உங்களுக்குத்தான் என்று அப்பா அந்தச் சுவருக்கு முன்னால் வாக்குக் கொடுத்தபோது பக்கத்தில் நானும்தானே நின்றேன்? செருப்புகூட மாட்டாமல் ஓடினேன். திரும்பி வாங்கம்மா, எப்பவும் போலப் பேசிக்கிட்டே அறுங்க என்று கத்தினேன். அன்றைக்கு என் சத்தம்தான் பெரிய சத்தம் என்று அப்பா இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

போதகரிடம் விவரம் சொன்னேன். உங்க நியாயம் புரியுதும்மா, ஆனா எங்களுக்கு அமைதி வேணுமே, அடுத்த வருஷம் வேற இடம் பாத்துக்கறோம் என்றார். பொய் சொல்லுவானேன், எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போதகர் கூட்டம் வராவிட்டால் கூரை மாற்றுவது தள்ளிப்போகும். அப்பாதான், கூரை ஒழுகினா வாளி வெச்சுக்கலாம், குடுத்த வாக்கு ஒழுகினா எதைடி வெக்கிறது என்று சிரிக்க வைத்தார். அந்தக் கூட்டத்தில் ஒரு நர்ஸ், உன் வயசுதான், வீட்டுக்காரர் தவறினதிலிருந்து தூக்கமே இல்லை என்று வந்த அன்றே மாத்திரை போடச் சுடுதண்ணீர் கேட்டவள். மதியம் பார்த்தால் ஓடைப் பக்கத்து வராந்தாவில் வெறும் தரையில் அயர்ந்து தூங்குகிறாள். கீழே யாரோ ஒருத்தியின் மாமியாரைக் கிண்டலடித்துச் சிரிக்கிற சிரிப்பில் காது பிய்கிறது, இவள் அசையவில்லை. சாயங்காலம் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்ல அந்த அமைதிதான்மா என்னைக் கொல்லுது, இங்க பக்கத்துல யாரோ பேசிக்கிட்டே இருந்தாங்க, நிம்மதியா தூங்கிட்டேன் என்றாள். போதகரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். மறுநாள் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் அந்த வராந்தாவில் போட்டு உட்கார்ந்தார்.

வேலை வேலை என்று வயிற்றைக் காயப்போடாதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் பண்ணு, சுகம்தான் என்ற ஒரே வார்த்தையோடு வைத்துவிடாமல் அப்பாவிடம் கொஞ்ச நேரம் எதையாவது பேசு. கர்த்தர் உங்கள் இருவரையும் தம் சிறகின் கீழ் வைத்துக் காப்பாராக.

உனக்காக எப்போதும் ஜெபிக்கும்,
அம்மா