அக்கரப்பத்தனை வெள்ளி

சிரித்துக்கொண்டே சண்டை போடும் என் தங்கச்சி செல்லம்மாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. உன் மகள் ராசாத்திக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. பையன் பக்கத்துத் தோட்டம்தான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறான், வேறென்ன வேண்டும்? இந்தியாவுக்குப் போவதா, இங்கேயே இருப்பதா என்று தோட்டத்து லய வீடுகள் முழுக்க ஒரே பேச்சாக இருக்கிற நாளில் நாங்கள் பந்தல் போட்டுச் சாப்பாடு போட்டோம். நீ இருந்திருந்தால் பாயாசத்தில் சீனி குறைவு என்று என்னைப் பிடித்துக்கொண்டிருப்பாய். உண்மையாகவே குறைவுதான்.

இப்போது கொலுசுக் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

உன் கல்யாணத்துக்கு நான் செய்து போட்ட கொலுசு அது. அப்பா சேர்த்து வைத்திருந்த பழைய ராஜா தலை வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது. ஆசாரி உலையை ஊதி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து கண்ணை எடுக்காமல் பார்த்தவன் நான். ஒரு காசை மட்டும் அப்பா ஞாபகமாக இடுப்புப் பையில் வைத்துக்கொண்டேன். ஆனால் நீ நம் அக்கரப்பத்தனையை விட்டு டயகமவுக்கு வாழப்போன முதல் மழை முடிவதற்குள் கொலுசு கறுத்துவிட்டது. ஊர் வாய் சும்மா இருக்குமா? நம் லயங்களில் கறுக்கிற வெள்ளி போலி, பளபளக்கிற வெள்ளி அசல். இந்தச் சட்டத்தை யார் போட்டார்களோ!

உன் புருஷன், என் மச்சான்தான் முதலில் ஆரம்பித்தார், விளையாட்டாக. பிறகு அடிபிடித்த சட்டி, சாயம் போன சேலை, ஒழுகுகிற குடை எல்லாமே டயகமவில் 'அக்கரப்பத்தனை வெள்ளி' ஆகிவிட்டன. நம் வீட்டுப் பேர் அப்படித் தெருவில் உருண்டது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நுவரெலியாவுக்குப் போய் உரைகல்லில் உரசி எல்லார் முகத்திலும் கரி பூசிவிடலாம் வா என்று உன்னைக் கூப்பிட்டேன். நீ அசையவில்லை.

“உரசிப் பாத்தா நான் ஒன்னயச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும்ணே. கறுத்தா கறுக்கட்டும். எங்கண்ணன் குடுத்தது வெள்ளிதான்.”

அந்தக் கறுப்பைப் பார்த்து ஒருநாளாவது உனக்கு மனம் ஆடியதா செல்லம்மா? நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. காய்ச்சலில் நீ கண்ணை மூடியபோதும் அதுதான் உன் காலில் கிடந்தது.

ராசாத்திக்குத் தாய்மாமன் சீராகக் கொலுசு எடுக்க நானும் மச்சானும் நுவரெலியா போனோம். நகைக்கடை முதலாளி ஒரு ஜோடியை எடுத்துப் போட்டார். கண்ணைப் பறித்தது. மச்சானுக்கு வாயெல்லாம் பல்.

“இது கறுக்குமா மொதலாளி?”

“எத்தன வருசமானாலும் இப்படியே இருக்குங்க.”

“அப்ப இதுல வெள்ளி எவ்வளவு இருக்கு?” என்றேன் நான்.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். கேட்டபிறகு மறைக்கிற ஆள் இல்லை. “வெள்ளி இல்லீங்க, வெள்ளைப் பித்தள. அதான் வெல கம்மி. அசல் வெள்ளி கறுக்கத்தான் செய்யும். லயத்துல வெறகு அடுப்பு, வெளிய மழ. பொகையும் ஈரமும் பட்டா கறுக்காம என்ன செய்யும்? தேச்சா வெளுத்துரும்.”

மச்சான் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மெதுவாகச் சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு துணி முடிச்சை எடுத்தார். உன் கொலுசு. மாற்றிப் புதுசு வாங்க எனக்குத் தெரியாமல் கொண்டுவந்திருக்கிறார். இப்போது அதை உரைகல்லுக்கு நீட்டினார்.

“வேணாம் மச்சான். அத ஒரசக்கூடாதுன்னு சொன்னவ அவ” என்றேன்.

“அவ ஒங்களச் சந்தேகப்படல மச்சான். பட்டவன் நான்தானே? நான் பாக்கணும்.”

நான் அப்பாவின் காசை எடுத்து வைத்தேன். முதலாளி கறுப்புக் கல்லில் காசை ஒரு இழுப்பு, கொலுசை ஒரு இழுப்பு இழுத்தார். செம்பு கூடினால் கோடு மஞ்சளடிக்குமாம். இரண்டும் ஒரே வெள்ளை. “எது காசு, எது கொலுசுன்னு எனக்கே தெரியலீங்க” என்றார்.

மாற்றுவதற்கும் அவரே தடை சொன்னார். பழசைப் போட்டால் வெள்ளியின் நிறைக்கு மட்டும்தான் விலை. அதிலும் கண்ணிகளை ஒட்டவைத்த பற்றாசுக்கும் அழுக்குக்கும் கழிப்பார்கள். புதுசுக்கோ நிறைக்கு ஒரு விலை, அதற்கு மேல் செய்கூலி, சேதாரம். ஒரே வெள்ளிக்கு இரண்டு முறை கூலி கொடுப்பதாகிவிடும். பிறகு நான் சீருக்கு ஒரு குங்குமச் சிமிழ் எடுத்தேன். ஒட்டுமொத்தமாக ஒரு விலை சொன்னார். நிறையைத் தனியாகச் சொல்லுங்கள், கூலியைத் தனியாகச் சொல்லுங்கள் என்று கேட்டு, உள்ளே அரக்கு வைத்துக் கனம் காட்டுகிறதா என்று அடியையும் தட்டிப் பார்த்தேன். மனுஷன் சிரித்துக்கொண்டே கூலியில் குறைத்தார். உன் அண்ணனை இனி எந்தக் கடைக்காரனும் ஏமாற்ற முடியாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மச்சான் அந்த முடிச்சை மடியிலேயே வைத்திருந்தார். அக்கரப்பத்தனை வந்தபிறகுதான் கேட்டார்: “செத்தவகிட்ட எப்படிச் சொல்றது மச்சான்?”

“நான் சொல்றேன்” என்றேன். சொல்லிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மச்சான் யாரையும் தொடவிடாமல், புளியும் திருநீறும் போட்டு அதைத் தானே தேய்த்து வெளுக்கவைத்தார். பந்தலில் மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தி ராசாத்தியின் காலைப் பார்த்துவிட்டு, “கொலுசு எந்தக் கடையில எடுத்தீங்க?” என்று கேட்டாள். டயகம லயமே உட்கார்ந்திருந்தது. மச்சான் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

“கடையா? அக்கரப்பத்தனை வெள்ளிங்க. எம் பொஞ்சாதி கொண்டாந்தது.”

ஒருவரும் சிரிக்கவில்லை.

இந்த மழைக்கும் அது கறுக்கும், கறுக்கட்டும். ஒவ்வொரு தைப் பொங்கலுக்கும் நான் போய் உன் மகளின் கொலுசைத் தேய்த்துக் கொடுப்பேன். என் கை ஓடுகிறவரைக்கும் இது நடக்கும். அப்பாவின் காசு என் இடுப்பிலேயே இருக்கும். அதை இனி யாருக்கும் எடுத்துக் காட்டமாட்டேன்.

நீ ஒருநாளும் உரசிப் பார்க்காத உன் அண்ணன்,
முத்தையா