அப்பாவின் இடது காலுறை

கன்னர்ஸ் கோவ், நியூஃபவுண்ட்லாந்து
செப்டம்பர் 14

அன்புள்ள தம்பி செல்பிக்கு,

டல்சி அக்கா எழுதுகிறேன். அங்கே ஆல்பர்ட்டாவில் நீயும் மார்லாவும் பையன்களும் சுகம்தானே? நான்கு தடவை போன் செய்தேன். நான்கு தடவையும் மார்லாதான் எடுத்தாள், நீ குளிப்பதாகச் சொன்னாள். அப்படி என்னடா அழுக்கு சேர்ந்துவிட்டது உன் மேல்? அதனால்தான் கடிதம்.

இந்த வருஷம் சதுப்பு நிலத்தில் காட்டுப்பழம் நிறையக் காய்த்தது. எங்கள் வீட்டில் பறிக்கத்தான் ஆளில்லை. வழக்கமாகப் பறிக்கிற என் மகள் கை விளங்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

க்ளெனிஸ் விஷயம் உனக்கு அரைகுறையாகத் தெரியும். மே மாதம் நண்டு ஆலையில் குளிர் அறைக் கதவு அவள் வலது கையில் இடித்தது. எலும்பு முறியவில்லை. வீக்கம் பத்து நாளில் வடிந்துவிட்டது, வலி மட்டும் போகவில்லை. நெருப்பில் வைத்த மாதிரி எரிகிறது என்கிறாள், தொட்டுப் பார்த்தால் ஐஸாக இருக்கிறது. ஜூலையில் விரல்கள் தாமாகவே உள்ளே மடங்கின. மூடிய கை இன்னும் திறக்கவில்லை. சில நேரம் தன்பாட்டுக்கு வெட்டி இழுக்கிறது. போர்வை உரசினால் அலறுகிறாள். இருபத்துநான்கு வயதுப் பெண்ணுக்கு நான் பித்தான் போட்டுவிடுகிறேன்.

ஆலைக்காரர்கள் அனுப்பிய டாக்டர் ஏழு நிமிஷம் பார்த்தார். அவளை முன்னால் வைத்துக்கொண்டே என்னிடம், "எக்ஸ்ரே சுத்தமா இருக்கு. கையத் திறக்க மனசுதான் இல்ல" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் விரலைக் கதவில் வைத்து நசுக்கியிருப்பேன். நடிக்கிறாள் என்றே எழுதியும் கொடுத்துவிட்டார். இழப்பீட்டுக்கான மறுவிசாரணை அக்டோபர் ஒன்பதாம் தேதி. அதிலும் அதையே சொன்னால் இந்தக் கரையில் எந்த ஆலையும் அவளை வாசலில்கூட நிற்க விடாது.

செயின்ட் ஜான்ஸில் ஒரு நரம்பு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் க்ளெனிஸைக் கேட்காமல் கையைத் தொடவே இல்லை. இது நிஜமான வியாதி, சின்ன அடியில்கூட ஆரம்பிக்கும் என்றார். சில குடும்பங்களில் ஒருவருக்கு மேல் வருகிறது, ரத்தவழிக் காரணம் இருக்கலாம், உறுதியாகத் தெரியாது என்றும் சொன்னார். உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது கைகால் திருகிக்கொண்டதா என்று கேட்டார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு, "எங்க வீட்டு ஆளுங்க எல்லாம் கல்லு மாதிரி, டாக்டர்" என்றேன். அதை எழுதிக்கொண்டார். என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

அப்பாவின் திருகிய இடது கால் எனக்கு நினைவிலேயே வரவில்லை. வருமா? அதை யார் வியாதி என்றார்கள்? கடல்நாய் வேட்டையில் மூன்று நாள் பனிப்பாளத்தில் மாட்டி உறைந்த கால் அது. கிறிஸ்துமஸ் தவறாமல் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தோமே. அந்தக் காலைக் காட்டித்தானே பள்ளிக்கூடத்தில் நீ பெருமையடித்தாய்.

போன ஞாயிறு தேவாலயக் கூடத்தில் சாப்பாடு. உப்பு இறைச்சியும் முட்டைக்கோசும் பரிமாறிக்கொண்டிருந்தேன். அப்பாவோடு ஒரே கப்பலில் போன அம்புரோஸ் மாமா க்ளெனிஸ் கையைப் பார்த்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"ஒங்கப்பன் காலு பனியில உறையலம்மா. கரையில மீன் வெட்டற மேடைல இருந்து இறங்கறப்ப லேசா பிசகிச்சு, அவ்வளவுதான். வீக்கம் போச்சு, காலு உள்ள திரும்பிக்கிச்சு. சோம்பேறி, நடிக்கிறான்னு ஊரே சிரிச்சுது. அடுத்த வசந்தத்துல எங்களோட வேட்டைக்கு வந்தான், போயிட்டு வந்து பனி மேல பழியப் போட்டுட்டான். நாங்களும் பாவம்னு வாய மூடிக்கிட்டோம்."

நடிக்கிறான் என்று அப்பாவைச் சொன்னார்கள். அதே வார்த்தையை இன்று அவர் பேத்தியைச் சொல்கிறார்கள். அவர் அன்றைக்கு வெட்கப்படாமல் இருந்திருந்தால் நான் டாக்டரம்மாவிடம் அப்படி உளறியிருக்க மாட்டேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். அம்மாவின் அடக்கத்தன்று பெஞ்சுக்கு அடியில் நீ இடது ஷூவைக் கழற்றி வைத்திருந்தாய். கால்விரல்கள் உள்ளே சுருண்டிருந்தன. கேட்டதற்கு, புது ஷூ கடிக்கிறது என்றாய். நானும் நம்பினேன். நேற்று மார்லாவிடம் அதைக் கேட்டேன். அவள் அங்கே மழை இல்லை என்று பேச ஆரம்பித்துவிட்டாள்.

லாரி ஓட்டுகிற வேலை போய்விடும் என்று பயப்படுகிறாய். எனக்குப் புரியாமல் இல்லை. அதற்காக என் பெண் ஏமாற்றுக்காரி ஆக வேண்டுமா? உனக்கும் இரண்டு பையன்கள். நாளைக்கு அவர்களில் ஒருவனுக்கு வந்தால் எந்தப் பனியைச் சொல்வாய்?

டாக்டரம்மாவிடம் போனில் உண்மையைச் சொல்லித் திருத்திவிட்டேன். இறந்தவரைப் பற்றிய பேச்சு மட்டும் போதாது, உயிரோடு இருக்கிற ஒருவர் வந்தால் இரண்டு பேரையும் பார்த்து, ரத்தம் எடுத்து, விசாரணைக்குக் கடிதம் தருவேன் என்றார். ரத்தத்தில் ஒன்றும் தெரியாமலும் போகலாமாம். அதையும் மறைக்காமல் சொன்னார்.

க்ளெனிஸ் உன்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்டாள்: "மாமாவுக்கும் போர்வை பட்டா எரியுமாம்மா?"

பார்சலில் ஒரு ஜோடி கம்பளிக் காலுறை இருக்கிறது. அம்மா அப்பாவுக்குப் பின்னுவாளே, வலது சாதாரணமாக, இடது குட்டையாக, அகலமாக, உள்ளே துவைத்து மெத்தென்று ஆன மாவுச்சாக்குத் துணி வைத்து. அம்மாவுக்குப் பின்னல் கண்ணி எண்ணத் தெரியாது என்று நாம் கேலி செய்தோம். அப்பாவின் காலுக்கு ஏற்ப எண்ணித்தான் பின்னியிருக்கிறாள். அதே அளவில் உனக்குப் பின்னியிருக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார். தொளதொளவென்று இருந்தால் திருப்பி அனுப்பு, மார்லா முன்னால் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பொருந்தினால் ஒன்பதாம் தேதிக்கு முன் வந்து சேர்.

கடவுள் உன் பயணத்தில் துணை இருக்கட்டும். உன் பழைய அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன். கட்டிலின் கால்மாட்டில் ஒரு மரச்சட்டம் அடித்திருக்கிறேன், போர்வை காலில் படாது.

கோபம் தணியாத, உன்னை எதிர்பார்த்திருக்கும்
அக்கா டல்சி