எவாரிஸ்தோவின் கடைசி ப்ரீ த்ரோ

சான்தா ரீத்தா,
புவேர்ட்டோ ரிக்கோ

அன்புள்ள தம்பி எவாரிஸ்தோவுக்கு,

மிக்தாலியா எழுதுகிறேன். ஆர்லாண்டோவில் நீயும் உன் மகளும் சுகந்தானே? நம் ஊர் மைதானத்தில் மேளக்காரர்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, எதிரணிக்காரனின் அம்மா வரைக்கும் போய்ப் பாட்டுக் கட்டுகிறவளை நினைவிருக்கிறதா? அது நான்தான். நீ எத்தனை பெரிய கூடைப்பந்து வீரனானாலும் நீ என்றுதான் எழுதுவேன். வயதில் மூத்தவள், கோபித்துக்கொள்ளாதே.

இங்கே மின்சாரம் வழக்கம்போல வருவதும் போவதுமாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் பெனிக்னோவுக்கு முழங்கால் வலி. ஆட்டம் இருக்கிற அன்று மட்டும் வலிக்காது.

உன் ஒன்பதாம் எண் சட்டையை உனக்கு மரியாதையாக மைதானக் கூரையில் ஏற்றப்போகிறார்கள். அதற்கு நீ வரமாட்டாயாமே? ரேடியோவில் நீ பேசியதைக் கேட்டேன். "ஆட்டம் பூராத் திட்டினாங்க, அது நியாயம். கடைசி ப்ரீ த்ரோவுக்கு நின்னப்போ ஒருத்தரும் வாயத் தொறக்கல. திட்டக்கூட வேண்டாதவனாப் போயிட்டேன்" என்றாய். அட மடையா என்று ரேடியோவைப் பார்த்துக் கத்தினேன். அடுப்பில் சோறு தீய்ந்துபோயிற்று.

நடந்ததைச் சொல்கிறேன், கேள். க்ளப்காரர்கள் உன்னை நம் பரம எதிரியான புன்தா பிராவாவுக்கு விற்றார்கள். வேறு ஊரே கிடைக்கவில்லையா அவர்களுக்கு! அந்த நீலச் சட்டையோடு நீ அரையிறுதிக்கு வந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. மாமியார் வீட்டோடு போய்விட்ட மாப்பிள்ளை என்று உன்மேல் பாட்டுக் கட்டினேன், தொண்டை கிழியப் பாடினேன். அதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

கடைசியில் இரண்டு அணியும் சமம். இரண்டு ப்ரீ த்ரோ போடக் கோட்டில் வந்து நின்றாய். வேறு எவனாவது நின்றிருந்தால் கூரை பிய்ந்துபோகிற மாதிரி மேளம் அடித்திருப்போம். நீ எப்போதும்போலக் குனிந்து, உள்ளங்கையைக் காலுறையில் துடைத்தாய். என் கை தானாக மேளத்தை அமுக்கிவிட்டது. எல்லார் கையும் அப்படித்தான். வாழைக்காய் வறுவல் மென்றுகொண்டிருந்தவன் முதுகில் பெனிக்னோ ஒன்று வைத்தார். இத்தனை வருஷமாக நீ ப்ரீ த்ரோ போடும்போது குறி தப்பக்கூடாதென்று கைக்குழந்தையின் வாயைக்கூடப் பொத்திப் பழகிய கூட்டமப்பா இது. உன் உடம்பில் எந்தச் சட்டை என்பதையே மறந்துவிட்டோம். இரண்டு பந்தும் உள்ளே போனது. நாங்கள் வெளியே போனோம்.

மறுநாள் ரொட்டிக்கடையில் தோன்யோ, "ஏன் மிக்தாலியா, உன் கைக்கு என்ன வாதமா வந்துச்சு?" என்று கேட்டான். "உன் வாய்க்கு என்ன வந்துச்சாம்? நீ கத்தியிருக்க வேண்டியதுதானேடா" என்றேன். அன்றைக்கு மைதானத்தில் அவனும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தான். இந்த ஊரில் இன்னும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருக்கிறோம். உன்னைத் திட்ட யாருக்கும் மனசு வரவில்லை.

புயலில் மைதானக் கூரை பறந்த வருஷம், தரையில் தேங்கிய தண்ணீரை நீயே துடைப்பத்தால் தள்ளிவிட்டு ஆடினாய். விரல் முறிந்திருந்தும் இடது கையால் போட்டு ஜெயித்துக் கொடுத்தாய். ஸ்பெயினிலிருந்து கூப்பிட்டபோதும் நீ போகவில்லை. நான் பெற்ற பிள்ளைகளுக்குக்கூட இப்படி ஓடிஓடிக் கைதட்டியதில்லை. உன்னைப்போல இன்னொருத்தன் வரப்போவதில்லை.

சட்டை ஏறும் கயிற்றை ஆட்டக்காரனே இழுப்பதுதான் நம் வழக்கம். ஆள் இறந்துபோயிருந்தால்தான் பிள்ளை இழுக்கும். நீ வராவிட்டால் உன் மகளைக் கூப்பிடலாம் என்று கமிட்டியில் பேசிக்கொள்கிறார்கள். வேண்டாம் தம்பி. அந்தக் கயிறு இப்போது அவள் கைக்குப் போகவே கூடாது. வந்து நீயே இழு. கடவுள் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
மிக்தாலியா