ஒரே பட்டை, இரண்டு வரிசை

மார்ச் 3
எழுதவே கூச்சமாக இருக்கிறது. அலுவலக ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டபடி நான் நின்றதை மேலாளர் பார்த்துவிட்டார்.
"என்ன மேடம் தேடுறீங்க?"
"நிம்மதி சார்."
மாதவிலக்கு நின்றாலும் நின்றது, உடம்பு கொதிகலனாகிவிட்டது.

மார்ச் 6
அரசு மருத்துவமனை. டாக்டரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வேர்க்குதா?" என்றார். வேர்க்குது என்றேன். இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் ஹார்மோன் பட்டை எழுதிக் கொடுத்துவிட்டார். பத்தே நிமிடம்!

மார்ச் 7
வாலு வந்தாள். அண்ணன் மகள், கண்ணாடிக் கடையில் வேலை. பிறந்தபோது ஆண் என்று எழுதிவிட்டார்கள், அவள் ஒத்துக்கொண்டதே இல்லை. என் டப்பாவைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. இதே பட்டைக்குத்தான் பதினாலு மாதமாக அலைகிறாளாம்! அவளைப் போன்றவர்களுக்கு மருத்துவமனையில் ஒரு குழு கூடி அனுமதி தர வேண்டுமாம். போகும்போதெல்லாம் புதுச் சுற்றறிக்கை.
"இந்தா, பாதியை எடுத்துக்கோடி."
"வேணாம் அத்தை. ரத்தப் பரிசோதனையில தெரிஞ்சா மனுவையே தள்ளிடுவாங்க. அப்புறம் முதல்லேருந்து வரிசை."
சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 9
பட்டை ஒட்டவே மாட்டேன் என்கிறது. மேலே பிளாஸ்டர் போட்டு இறுக்கினேன். அரசாங்கச் சரக்கு!

மார்ச் 15
இருந்தாலும் மருந்து மருந்துதான். என்ன குளுமை! மூன்று நாளாக வீட்டுக்காரரைத் திட்டவில்லை. பயந்துபோய், "டாக்டர்கிட்ட போலாமா?" என்கிறார்.

மார்ச் 22
வாலுவுக்குப் புதுச் சுற்றறிக்கை: ரத்த உறவில் மூத்தவர் ஒருவர் 27ஆம் தேதி குழு முன் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டுமாம், இல்லாவிட்டால் மனு ரத்து. முப்பத்தொரு வயசுக்காரிக்கு! அண்ணன், "எனக்கு அன்னிக்கு வேலை இருக்கு" என்றாராம். ரிட்டயர் ஆன மனுஷனுக்கு என்ன வேலையோ.
நான் போகிறேன்.

மார்ச் 27
குழுத் தலைவர் என்னைக் கேட்டார்: "பின்னாடி இவங்க மனசு மாறாதுன்னு எப்படிச் சொல்றீங்க?"
"நான் கல்யாணம் பண்ணிக்கிட்டப்ப யாரும் இதைக் கேக்கலையே சார்!"
வாலு மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். ஐயோ — இந்த வாயை வெச்சுக்கிட்டு நான் ஏன் போனேன்? எல்லாத்தையும் கெடுத்துட்டேனா?
பார்த்தால் ஓரத்து நாற்காலியில் அதே டாக்டரம்மா!
"வேர்வை எப்படிம்மா இருக்கு?"
"பிரமாதம் டாக்டர். எனக்குப் பத்து நிமிஷம், இவளுக்குப் பதினாலு மாசமா?"
"மருந்து ஒண்ணுதாம்மா. சுற்றறிக்கைதான் வேற" என்றார், தலைவர் பக்கம் திரும்பாமல்.
தலைவர் வாலுவிடம், "கிடைக்கலைன்னா என்ன செய்வீங்க?" என்றார்.
"மறுபடி வரிசையில நிப்பேன் சார். பொம்பளையாத்தான் நிப்பேன்."


ஏப்ரல் 4
அனுமதி வந்துவிட்டது!

ஏப்ரல் 5
முதல் பட்டையை என் எதிரில்தான் ஒட்டிக்கொள்ள வேண்டுமென்று வாலு வந்தாள். அனுபவசாலி ஆயிற்றே நான்! "இப்படித்தான்டி ஒட்டணும்" என்று இடுப்பைக் காட்டினேன். குனிந்து பார்த்தாள். பிளாஸ்டரை மெல்லப் பிரித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள், சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை.
ஒட்டும் முன் பின்பக்கத்துத் தாளை உரிக்க வேண்டுமாம். நான் ஒன்றைக்கூட உரித்ததில்லை.